மூன்றாவது பாத்தி

தமிழ்ச்செல்வனின் வலது கையை உடைக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவர் தலையிலும் ஹெல்மெட். விடிந்தும் விடியாத நேரம். நொய்யல் கரைச் சேற்றில் அவன் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பிடரியில் ஒரு போடு போட்டுச் சாய்த்தார்கள். இரண்டு பேர் திட்டிக்கொண்டே அடித்தார்கள். மூன்றாவது ஆள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வாயே திறக்கவில்லை. இரும்புக் கம்பி மூன்றாம் முறை இறங்கியபோது எலும்பு முறிகிற சத்தம் தனக்கே கேட்டதாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தமிழ்ச்செல்வன் சொன்னான்.

“திட்டுனவனுகளைக்கூட மறந்துபோட்டேன் புள்ள. அந்தப் பேசாதவனைத்தான் மறக்க முடியலை. மூச்சு மட்டும் வாங்கிட்டு இருந்தான்.”

அவன் மனைவி அன்புக்கரசி அழவில்லை. அழுகிற ரகமாக இருந்தால் ஆற்றங்கரைக் காலனியில் அவளை யாரும் நடவு மேஸ்திரி ஆக்கியிருக்க மாட்டார்கள். முப்பத்தெட்டு வயது. பதினாறு பெண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறார்கள். ரேஷன் கடையில் எடை குறைத்தவனை அவன் தராசுத் தட்டாலேயே அடித்தவள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“குழாய் கண்ணுல பட்டுச்சா?”

“இல்ல. ஆனா கிட்டப் போயிட்டேன். இல்லாட்டி எதுக்கு அடிக்கறானுக?”

அறைக்கு வெளியே தமிழ்ச்செல்வனின் தம்பி கண்ணையா, இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே வரவே இல்லை. அண்ணன் கட்டோடு படுத்திருப்பதைப் பார்க்கத் தாங்காமல் நிற்கிறான் என்று அன்புக்கரசி நினைத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் தாய் செத்துப் போனவன் அவன். புதுப்பெண்ணாக வந்த இவள்தான் அவனுக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினாள். இப்போது மேட்டு வீதித் தனபாலின் சலவை மில்லில் மூட்டை ஏற்றுகிறான்.

அந்தக் குழாய் கிடைத்தால் காலனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் நாற்பத்தோரு வீடும் போகும். அவ்வளவுதான் விஷயம்.

ஊருக்குள் நுழையும்போதே நொய்யல் செத்துத்தான் நுழைந்தது. நாற்பது வருடமாக அதை எல்லோரும் சாக்கடை என்றுதான் அழைத்தார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, நாறுவது கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கரைத் திட்டம் வந்தது. அதை வரைந்தவள் லோகப்பிரியா என்கிற தாராபுரத்துப் பெண். சுவரை இன்னும் நாலடி உயர்த்தலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, இவள் சுவரை இடிக்கச் சொன்னாள். கரையைச் சரித்துப் படிபோல இறக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பாத்திகள் வெட்டினாள். அடியில் ஜல்லி, மேலே நாணல், சம்பு, கல்வாழை, வெட்டிவேர். காலனிச் சாக்கடையும் மேட்டு வீதிச் சாக்கடையும் முதல் பாத்தியில் கறுப்பாக நுழையும். வேர்களுக்கும் கல்லுக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து நான்காவது பாத்தியைத் தாண்டி ஆற்றில் விழும்போது, தண்ணீருக்குள் வைத்த கால்விரலை எண்ணலாம்.

அன்புக்கரசி முதலில் நம்பவில்லை. கோரை நட்டால் ஆறு சுத்தமாகிவிடுமா என்று அவளும் சிரித்தவள்தான். ஆறாவது மாதம் முதல் பாத்தியில் ஒரு நத்தைகுத்தி நாரை வந்து இறங்கியபோது வேலையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அந்தப் பாத்திகள் அவள் பிள்ளைகள். அவற்றில் கால் வைத்தவன் அவள் வாயிலிருந்து தப்பிப்பது கஷ்டம்.

ஆனால் மூன்றாவது பாத்தி மட்டும் செத்தது. நட்டார்கள், செத்தது. மண்ணை மாற்றி நட்டார்கள், செத்தது. மூன்றாம் தடவை தண்டெல்லாம் வேகவைத்த கீரையாகச் சரிந்து கிடந்தபோது லோகப்பிரியா ஒரு சோதனைத் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள்.

“காஸ்டிக்குங்க அக்கா. துணி வெளுக்கப் போடறது. சுண்ணாம்புக்குப் பெரியண்ணன்னு வெச்சுக்கோங்க. கையில பட்டா சோப்பாட்ட வழுக்கும், அப்புறம் தோலை உரிச்செடுத்துரும். யாரோ ரெண்டு மணி நேரம் திறந்து விட்டுட்டு மூடிடறாங்க. நாம வந்து பாக்கறதுக்குள்ள தண்ணியோட அடிச்சுட்டுப் போயிருது.”

“யாரோ என்னங்க யாரோ. மேட்டுல இருக்கறது ஒரே ஒரு சலவை மில்லு.”

“எனக்குத் தெரியாதுங்களா? ஆனா குழாயோட வாய் வேணும். அது இல்லாம நான் எழுதற எதுவும் நிக்காது.”

வாய்தான் கிடைக்கவில்லை. தோண்டிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். காலனிக்கு அடியில் எந்தக் காலத்திலோ கட்டின கல் சாக்கடை ஒன்று ஓடுகிறது, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. தனபாலுக்கு அது போதுமானதாக இருந்தது. காலனிக்காரர்கள் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கொட்டித்தான் பாத்தி சாகிறது என்று மனு எழுதினார். காலனியை அப்புறப்படுத்தினால்தான் திட்டம் உருப்படும் என்றார். ஆறு தெளிந்தால் அந்த நிலத்துக்கு வரப்போகிற மவுசு அவருக்குத் தெரியும், அதை வாங்கி வளைத்துப்போட அவர் காத்திருப்பது ஊருக்கே தெரியும். அதிகாரிகள் குழு ஒன்று வெள்ளிக்கிழமை பார்வையிட வருவதாக ஓலை வந்தது. நான்காவது தடவையாக நட்ட மூன்றாவது பாத்தி அன்றைக்கு உயிரோடு இருந்தால் காலனி இருக்கும். செத்துக் கிடந்தால் நாற்பத்தோரு குடும்பமும் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் ஏதோ மாடிக் குடியிருப்புக்கு.

திங்கட்கிழமை தனபாலே கரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அந்த வாரம் மாரியம்மன் நோம்பி. திருவிழாக் கமிட்டித் தலைவர் அவர்தான்.

“மேடம், நீங்க படிச்சவீங்க. செடி நட்டா ஆறு சுத்தமாயிருமுன்னு சொல்றீங்க, நாங்களும் நம்பறமுங்க. ஆனா பக்கத்துலயே விஷத்தை வெச்சுக்கிட்டு நட்டா எப்படீங்க? இந்த நாப்பத்தோரு ஊட்டுச் சாக்கடையும் எங்கீங்க போவுது?”

லோகப்பிரியா வாயைத் திறப்பதற்குள் அன்புக்கரசி பாத்திக்குள்ளிருந்தே நிமிர்ந்தாள்.

“எங்க ஊட்டுச் சாக்கடை மொதப் பாத்திக்குத்தானுங்க போவுது. மொதப் பாத்தி சாகலியே. உங்க மில்லுத் தண்ணி எங்கீங்க போவுது?”

தனபால் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

“அன்புக்கரசி, உன்ற ஊட்டுக்காரன் கை எப்படி இருக்குது? இன்னொரு கையாவது நல்லா இருக்கட்டும். பாத்து நடக்கச் சொல்லு, கரையெல்லாம் வழுக்குது.”

கோயமுத்தூர்க்காரனின் மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். அந்த மரியாதை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று மேட்டு வீதியில் பத்து நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். அன்புக்கரசியின் கையில் மண்வெட்டி இருந்தது. அதை அவர் கணுக்காலில் இறக்க எவ்வளவு நேரமாகும் என்று அவள் கணக்குப் போட்டாள். லோகப்பிரியா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கக்கா.”

அன்றிலிருந்து இரவும் பகலும் முறைவைத்துப் பாத்தியைக் காத்தார்கள். புதன்கிழமை வரை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை நோம்பியின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. அன்றைக்குக் காவலுக்கு யாரும் நிற்கவில்லை. காலனியில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அம்மன் நாளில் எவனுக்குடி கெட்ட புத்தி வரும் என்றாள். அன்புக்கரசியும் அதை நம்பினாள், அதுதான் அவள் செய்த தப்பு. அம்மனிடம் பயம் தனக்கு இருக்கிற அளவுக்கு மற்றவனுக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

மஞ்சள் நீரை யார் மேல் வேண்டுமானாலும் ஊற்றிவிட முடியாது. கொழுந்தன், அத்தை மகன், மாமன் மகன் என்று முறையுள்ளவன் மேல்தான் ஊற்றலாம். ஊற்றினால் நீ எனக்கு ஒறம்பரை, உறவுக்காரன் என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். காலனி தன் தெருவில் விளையாடும், மேட்டு வீதி தன் தெருவில் விளையாடும். மேட்டு வீதியில், கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிப்போய் ஆற்றில் விட்ட பிறகுதான் மஞ்சளைத் தொடுவார்கள். காலனியில் அவ்வளவு பொறுமை கிடையாது. பத்து மணிக்கெல்லாம் அண்டா அண்டாவாக மஞ்சள் கரைத்து, வேப்பிலைக் கொத்தைப் போட்டு, மஞ்சள் படாத ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். தெரு நாய்கள்கூட மஞ்சளாகத் திரிந்தன.

பதினோரு மணிக்குக் கண்ணையா மில் பக்கத்துச் சந்திலிருந்து வந்தான். இவர்களைக் கண்டதும் வந்த வழியே திரும்பப் பார்த்தான்.

“எங்கடா ஓடறே, என்ற கொழுந்தா,” என்று அன்புக்கரசி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பின்னாலிருந்து நாலு பெண்கள் ஒரு குடம் மஞ்சளை அவன் தலையில் கவிழ்த்தார்கள். தலை மஞ்சள், முகம் மஞ்சள், நெஞ்சு மஞ்சள். எல்லோரும் சிரித்தார்கள்.

முழங்கைக்குக் கீழே மஞ்சள் நிற்கவில்லை. சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை இரண்டும் ரத்தத்தில் முக்கியெடுத்தது போல ஆயின. பேன்ட்டில் முழங்கால் வரைக்கும் சிவப்புப் புள்ளிகள் பூத்தன.

“எவடி குடத்துல குங்குமத்தைக் கலந்தவ?” என்று ஒருத்தி சிரித்தாள்.

அன்புக்கரசி சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்தாள். சோப்பு போட்டதுபோல வழுக்கியது. மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கத் தெரிந்த எல்லாப் பெண்ணுக்கும் தெரியும். சுண்ணாம்புக்குப் பெரியண்ணன் என்று மேடம் சொன்னது அவள் காதில் திரும்ப ஒலித்தது. இன்றைக்கு மில் லீவு.

“எங்க போயிட்டு வாறே?”

“சும்மா, பைக்கு எடுக்க...”

கையிலிருந்த சொம்பால் அவன் வாயில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். பெண்கள் பதறி அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் பிடியிலிருந்து உதறிக்கொண்டு அவன் தலைமயிரைப் பற்றினாள். சின்ன வயதில் எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட அதே மயிர்தான்.

“திறந்துபோட்டயா? சொல்லுடா. இப்ப ஓடுதா?”

“ஓடுது அண்ணி.” அவன் அழுதான். “காலனி எப்படியும் போயிருமாம். எனக்கு மில்லுக்குள்ள லைன் ஊடு குடுக்கறேன்னாரு. உங்களையும் அண்ணனையும் அங்கயே கூட்டிட்டுப் போயிரலாமுன்னு... நானாத் திறக்கலீங்க அண்ணி. வால்வுச் சக்கரம் துருப்புடிச்சு ஒருத்தனால திருப்ப முடியலை. ஆளுக எல்லாம் நோம்பிக்குப் போயிட்டாங்க. மொதலாளியும் வந்து சேர்ந்து புடிச்சாரு. பீச்சி அடிச்சுது.”

அவள் பிடி தளர்ந்தது. வேறொன்று மனதில் தட்டியது. பேசினால் குரல் தெரிந்துவிடும் என்று பயந்த ஆள் ஒருத்தன்தான் பேசாமல் இருப்பான்.

“உங்க அண்ணன் காலைப் புடிச்சுக்கிட்டது யாரு?”

கண்ணையா வாயைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வாங்கினான்.

அந்த இடத்திலேயே அவனைக் கொன்றிருப்பாள். அதற்குக்கூட நேரம் இல்லை. மூன்றாவது பாத்தி செத்துக்கொண்டிருந்தது.

“அண்டாவைத் தூக்குங்கடி,” என்றாள்.

நாலு பெண்கள் அண்டாவைத் தூக்கினார்கள், மற்றவர்கள் குடங்களை இடுப்பில் எடுத்தார்கள். தெருவே கரைக்கு ஓடியது. அன்புக்கரசி மூன்றாவது பாத்தியின் மேல் வரப்பில் நின்று, ஓரம் ஓரமாக மஞ்சளை ஊற்றச் சொன்னாள். கிழக்கு மூலையில் மஞ்சள் மஞ்சளாகவே இறங்கியது. நடுவிலும் அப்படியே. வடக்கு மூலையில் ஊற்றியதும் ஜல்லிக்கு அடியிலிருந்து சிவப்புக் கொப்பளித்தது. ஒன்றரை வருடம் தேடிய வாய் அங்கே இருந்தது. அதைச் சுற்றிலும் கல்வாழை ஏற்கெனவே தலை சாய்ந்துவிட்டது.

கடப்பாரையால் ஜல்லியைக் கிளறினார்கள். பழைய கல் சாக்கடையின் பலகைக்கல் தெரிந்தது. நெம்பித் தூக்கினால் உள்ளே தொடைப் பருமனுக்குப் புதுக் கறுப்புக் குழாய். அது காலனி வீடுகளின் பக்கம் போகவில்லை. வளைந்து மேட்டைப் பார்த்து ஏறியது. அன்புக்கரசி முந்தானையைக் கிழித்துச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தாள், அதற்குமேல் நாற்றுச் சாக்குகளைத் திணித்தாள். மணிக்கட்டு வரைக்கும் தீப்பிடித்தது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மஞ்சளாக இருந்த அவள் கைகளும் சிவந்தன.

அப்போதுதான் பறைச் சத்தத்தோடு கம்பம் வந்தது. மேட்டு வீதியே பின்னால் வந்தது. முன்னால் தனபால். பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அவருடைய அக்கா காளியாத்தாள். லோகப்பிரியாவும் கூட்டத்தில் இருந்தாள், விசேஷத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தனபால் குழியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், திரும்பித் தன் ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்தார்.

இரண்டு பேரும் தடியோடு இறங்கினார்கள். முதல் அடி அன்புக்கரசியின் நெற்றியில் விழுந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இரண்டாவது அடியை மண்வெட்டிக் காம்பால் தடுத்தாள், காம்பு முறிந்தது. மாசாணம் என்கிறவள் ஒருத்தன் காதைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள், அவன் அவளை வயிற்றில் உதைத்தான். பெண்கள் ஜல்லியை அள்ளி முகத்தில் வீசினார்கள். படம் எடுக்கப் போன லோகப்பிரியாவின் போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்கள். நடுவில் வந்து நின்றவளை வரப்போடு தள்ளினார்கள். நாணலை மிதித்து, சம்பை மிதித்து, பாத்தி முழுக்கச் சண்டை உருண்டது.

தனபால் கையைத் தூக்கினார். பறை நின்றது.

“பாருங்க மேடம், உங்க கண்ணால பாருங்க,” என்றார் மெதுவாக. கூட்டத்தின் ஓரத்தில் உதடு கிழிந்து நின்ற கண்ணையாவைக் காட்டினார். “காலனிக்காரன் கையைப் பாருங்க. திறந்து விட்டது யாருன்னு தெரியுதுங்களா? என்ற மில்லுல வேலை செஞ்சுக்கிட்டே இவனுக பண்ணுன துரோகம். நான் காலைல அஞ்சு மணிக்குக் கோயிலுக்கு வந்தவன், அங்க இங்க நகரலை. ஊரே சாட்சி.”

அதுபோதும். மேட்டு வீதி இளவட்டங்கள் கண்ணையா மேல் பாய்ந்தார்கள். விழுந்தான், மிதித்தார்கள். அவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அன்புக்கரசி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் கிடைத்தும் வீடு போகப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. காலனிக்காரன் கை, காலனிச் சாக்கடை. நாளைக்கு வருகிற குழுவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒருத்தனால் திருப்ப முடியாத சக்கரம். பீச்சி அடித்தது.

தனபாலின் வேட்டி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. காஸ்டிக்குக்கு நிறம் கிடையாது.

வரப்பில் ஒரு குடம் மிச்சம் இருந்தது. அதை இடுப்பில் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் நடந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று மேட்டு வீதியில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று அந்த ஊரில் நடந்ததே இல்லை. குடத்தை உயர்த்தித் தனபாலின் மேல் முழுக்க ஊற்றினாள்.

காலனிப் பெண் தனபால் மேல் மஞ்சள் நீர் ஊற்றிவிட்டாள். ஒரு நொடி ஆற்றின் சத்தம்கூடக் கேட்டது. பிறகு யாரோ அவள் விலாவில் தடியை இறக்கினார்கள். சேற்றில் விழுந்தாள். முதுகில் ஒரு மிதி, இடுப்பில் ஒரு மிதி. அடித்தவர்களுக்கு அவள் ஆற்றைக் கெடுத்தவள் என்கிற கோபம்கூட இல்லை. முறை கொண்டாடிவிட்டாளே என்கிற ஆத்திரம்தான். அவள் தலையை மட்டும் நிமிர்த்தி, அவர் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்காலுக்குக் கீழே முதலில் புள்ளி புள்ளியாக வந்தது. புள்ளிகள் சேர்ந்து வரிகளாயின. வேட்டிக் கரை முழுக்கச் சிவந்தது. தனபால் குனிந்து உதறினார், கையால் துடைத்தார். சட்டைக்கை மடிப்பும் சிவந்தது. அடித்துக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக நின்றன.

காளியாத்தாள் தட்டைப் பிடித்தபடி தம்பியின் வேட்டியைப் பார்த்தாள். தட்டிலும் அதே சிவப்பு.

“தனபாலு, காலைல இருந்து கோயில்லதான் இருந்தேன்னயே.”

“அக்கா, நீ சும்மா இரு.”

“நாப்பது வருசமா ஆரத்தி கரைக்கறேன் கண்ணு. மஞ்சள் தானாச் செவக்காது.” தட்டிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள். “உனக்குச் சுத்தறதுக்கு வேற ஆளைப் பாத்துக்க.”

அவள் திரும்பி நடந்தாள். பின்னாலேயே மேட்டு வீதிப் பெண்கள் பாதிப் பேர் நடந்தார்கள். கம்பத்தைத் தூக்கி வந்தவர்களுக்கு அதை ஆற்றில் விடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் கீழே இறக்கி வைத்துவிட்டு நாலு பேர் மில்லுக்கு ஓடிப்போய்ச் சக்கரத்தை மூடினார்கள்.

கண்ணையா சேற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். ஒரு பல் இல்லை.

“நானும் அவரும் சேர்ந்துதான் திறந்தோம்,” என்றான். சத்தமாகச் சொன்னான், எல்லோருக்கும் கேட்டது. தடியோடு நின்ற தனபாலின் ஆட்களைக் காட்டினான். “எங்கண்ணன் கையை ஒடைச்சதும் இந்த ரெண்டு பேருதான். காலைப் புடிச்சுக்கிட்டது நானு.”

அவன் யாரைப் பார்த்துச் சொன்னான் என்று எல்லோரும் திரும்பினார்கள். தமிழ்ச்செல்வன் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. மெதுவாக இறங்கித் தம்பிக்கு எதிரில் வந்தான். நல்ல கையைத் தூக்குவான் என்று நினைத்தார்கள். அவன் உடைந்த கையை ஓங்கினான். மாவுக் கட்டோடு தம்பியின் முகத்தில் இறக்கினான். கட்டு விரிசல் விட்டது. இரண்டு பேரும் ஒரே குரலில் அலறிக்கொண்டு சேற்றில் விழுந்தார்கள். அன்புக்கரசி தவழ்ந்து போய்ப் புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொழுந்தன் ஒரு கை தூரத்தில் கிடந்தான். அவனைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. பாதி செத்த பாத்தியையும் குழாயையும் பார்த்தார்கள். லோகப்பிரியா குழாயின் வாயிலிருந்து மேடு வரைக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். தனபாலின் வேட்டியைப் போலீஸ் பையில் போட்டு எடுத்துப் போயிற்று. காலனி இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதினார்கள். தனபால் பதினொன்றாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மில் பூட்டிக் கிடக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் அன்புக்கரசி, “மறுபடி திறக்கட்டும், எங்ககிட்ட மஞ்சள் தீர்ந்தா போச்சு,” என்கிறாள். நெற்றியில் ஒன்பது தையல். கைத்தோல் உரிந்து புதுத்தோல் வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது பாத்தியை ஐந்தாம் முறை நட்டார்கள். முதல் நாள் காலையிலேயே கண்ணையா வந்து பாத்தியில் இறங்கி நின்றான். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் நட்டான். மறுநாளும் வந்தான். மதியம் அன்புக்கரசி ஒரு சோற்றுத் தூக்கை அவன் பக்கத்து வரப்பில் வைத்துவிட்டுப் போவாள், பேச மாட்டாள். தமிழ்ச்செல்வன் புதுக் கட்டோடு கரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பான், பேச மாட்டான். அன்றைக்கு வாயே திறக்காமல் காலைப் பிடித்தவனிடம் காலனியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் கண்ணையா ஒரு கல்வாழைத் தண்டை லேசாக இழுத்துப் பார்த்தான். அது வரவில்லை. பக்கத்துச் செடியை இழுத்தான். அதுவும் வரவில்லை. நிமிர்ந்து கரையைப் பார்த்தான்.

“அண்ணா,” என்றான். “வேர் புடிச்சிருச்சுண்ணா.”

தமிழ்ச்செல்வன் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்புக்கரசி வந்து குனிந்து, அவன் காட்டிய செடியை இழுத்துப் பார்த்தாள். வேர் பிடித்துத்தான் இருந்தது. அவள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.